எல்லார்க்கும் இடமுள்ள ஆசிரியர் கல்லூரி

(இளமறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

நாட்டில் கல்லூரிகள் பல. மருத்துவம் பயிற்றும் கல்லூரிகள் உள்ளன. பொறியியல் பயிற்றும் கல்லூரிகள் உள்ளன. நம் கல்லூரியைப் போலக் கலையும் அறிவியலும் பயிற்றும் கல்லூரிகளும் உள்ளன. இவற்றுள் ஆசிரியர்களை ஆக்கித் தரும் கல்வியியல் கல்லூரிக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. அங்கே ஒருவர் கற்றுக்கொள்ளும் நல்லதும் அல்லதும் அவரோடு நின்று விடுவதில்லை. பின்னாளில் அவரிடம் பயிலும் பிள்ளைகள் அனைவரையும் அவை சென்று சேர்கின்றன.

இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள், பி.எட். வகுப்பின் ஓர் அலகுக்கு 50 மாணவர்கள் என வகுத்தன. அவர்கள் அனைவரும் ஆசிரியராகி, ஆண்டுக்கு 40 புதிய பிள்ளைகள் வீதம் 30 ஆண்டுகள் கற்பிப்பதாகக் கொள்வோம். ஒருவரிடம் பயிலும் பிள்ளைகள் 1,200. ஐம்பது பேரிடமும் பயில்வோர் 60,000. ஆக, ஓர் அறையில் அமர்ந்திருக்கும் 50 பேர் எத்தகைய மனப்பான்மையுடன் வெளியேறுகின்றனர் என்பதில் 60,000 பிள்ளைகளின் பள்ளி வாழ்வு அடங்கியிருக்கிறது.

அவ்வறைக்குள் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது? கிடைத்தபின் அவர்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரியில் பட்டம் பெறுவோருள் பலர் அடுத்து நாடுவது பி.எட். படிப்பையே ஆதலால், இது நமக்கு அயலான செய்தி அன்று.

மூன்று சொற்கள்

இன்று கல்வியாளர் பலரும் மூன்று சொற்களைச் சேர்த்தே கூறுகின்றனர். அவை பன்மை, சமநீதி, அரவணைப்பு என்பன. உள்ளடக்கிய கல்வி என்று பாடநூல்கள் குறிப்பிடுவது மூன்றாவது சொல்லின் பொருளையே ஆகும்.

இம்மூன்றும் ஒன்று போலத் தோன்றினும் வேறு வேறானவை. ஒரு திருமண வீட்டை எண்ணிப் பாருங்கள். உற்றார், ஊரார், உடன் வேலை செய்வோர் என எல்லார்க்கும் அழைப்பு வைப்பது பன்மை. பந்தியில் பல்லில்லாத பாட்டிக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுப்பதும், கைக்குழந்தையோடு வந்தவருக்கு எழுந்து செல்ல வசதியாக ஓரத்தில் இலை போடுவதும் சமநீதி. எல்லார்க்கும் ஒரே அளவு பரிமாறிவிட்டால் போதும் என்பது சமநீதி ஆகாது. எல்லார்க்கும் வயிறு நிறைய வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். எவரையும் “முதல் பந்தி முடியட்டும், அப்புறம் வாருங்கள்” என்று வெளியில் நிறுத்தாமல், ஒரே வரிசையில் அமர்த்தி உபசரிப்பது அரவணைப்பு. அழைப்பு வைத்துவிட்டு வாசலில் காக்க வைப்பது அழையாமல் இருப்பதிலும் கொடிது என்பதை நம் ஊர்ப்புறங்களில் வாழ்ந்தோர் அறிவர்.

வாயிலும் வகுப்பறையும்

கல்விக்கூடத்தின் வாயில் திறந்துவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று எண்ணுவது தவறு. இதற்கு அண்ணல் அம்பேத்கரின் இளமைக் காலமே சான்று. பள்ளியில் அவருக்கு இடம் மறுக்கப்படவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அமர அவருக்கு உரிமையில்லை. தாம் அமர்வதற்கான கோணித்துண்டை அவரே வீட்டிலிருந்து கொண்டு செல்ல வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் மற்றச் சிறுவர்கள் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து குடிப்பார்கள். அவரோ குழாயைத் தொடக் கூடாது. பள்ளியின் ஏவலர் வந்து திறந்துவிட வேண்டும். ஏவலர் வாராத நாளில் தண்ணீர் இல்லை. இவற்றையெல்லாம் அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. பாடமும் அவர் காதில் விழுந்தது. ஆயினும் அந்த வகுப்பறை அவருடையதாக இருக்கவில்லை. அதனை அவருடையதாக ஆக்கவும் ஆக்காமல் விடவும் வல்லவர் எதிரே நின்ற ஆசிரியர் ஒருவரே. ஆசிரியரின் உள்ளத்தைப் பண்படுத்தும் இடம் ஆசிரியர் கல்லூரி என்பதால், நம் ஆராய்ச்சியும் அங்கிருந்தே தொடங்க வேண்டியதாகிறது.

பனிக்கட்டி வீட்டின் வரலாறு

நம் மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சியின் வரலாறு நீண்டது. 1856ஆம் ஆண்டில் சென்னையில் அரசு தொடங்கிய பயிற்சிப் பள்ளியே வளர்ந்து, இன்று சைதாப்பேட்டையில் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனமாக விளங்குகிறது. எனினும் நெடுங்காலம் பெண் ஆசிரியர் கிடைப்பது அரிதாகவே இருந்தது. வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு ஆண்கள் கற்பிப்பதைப் பெற்றோர் பலர் விரும்பவில்லை. பெண் ஆசிரியர் இன்மையால் பெண்கல்வி வளரவில்லை. பெண்கல்வி வளராமையால் பெண் ஆசிரியர் தோன்றவில்லை. விதை முந்தியதா, மரம் முந்தியதா என்பது போன்ற சிக்கல் இது.

இச்சிக்கலை அவிழ்த்தவர்களுள் ஒருவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886ஆம் ஆண்டு மயிலாப்பூரில் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே மணமுடிக்கப்பட்டு விரைவிலேயே கைம்பெண் ஆனார். அவர் பெற்றோர் ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சாமல் அவரைப் படிக்க வைத்தனர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற அவர், சென்னை மாகாணத்தின் முதல் இந்துக் கைம்பெண் பட்டதாரி ஆவார்.

பட்டம் பெற்றதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. தம்மைப் போல் இளமையிலேயே வாழ்விழந்த சிறுமியர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, தம் சித்தியின் துணையோடு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவர் சித்தியும் கைம்பெண்ணே. பெண்பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த லிஞ்ச் அம்மையார், பள்ளிகளுக்கு வேண்டிய பெண் ஆசிரியர்களை இவர்களிலிருந்தே உருவாக்கலாம் என்று கண்டு அரசின் ஆதரவைப் பெற்றுத் தந்தார். அவ்வில்லம் பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டளவில் எழுந்த அக்கட்டிடமே இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது சகோதரி சுப்பலட்சுமியே அதன் முதல் முதல்வராகப் பொறுப்பேற்றார்.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, வெறும் இடம் மட்டும் அளித்திருந்தால் இம்முயற்சி வென்றிராது. தங்க ஓர் இல்லம், உண்ண உணவு, அடிப்படைப் பள்ளிக் கல்வி, பின்னர் ஆசிரியர் பயிற்சி, முடிவில் ஒரு வேலை எனப் படிகள் முழுவதும் அமைக்கப்பட்டன. ஒரு படி குறைந்திருந்தாலும் ஏறியிருக்க முடியாது. இரண்டாவது, இதனால் பயன் பெற்றோர் கைம்பெண்கள் மட்டும் அல்லர். நல்ல பெண் ஆசிரியர்கள் கிடைத்தமையால் மாகாணத்துப் பெண்பள்ளிகளும் பயன் பெற்றன. ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்த கல்வி முறை அவர்களாலேயே வளம் பெற்றது.

ஆயினும் அவ்வில்லத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அது பிராமணக் கைம்பெண்களுக்கென்றே நடத்தப்பட்டது. 18 வயதைக் கடந்தோர் சேர இயலவில்லை. வயது வந்த பெண்களுக்காகச் சுப்பலட்சுமியே 1920களில் சாரதா வித்யாலயத்தைத் தோற்றுவிக்க வேண்டியதாயிற்று. சாதியின் தடையோ அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. 1930ஐ ஒட்டித் தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலருக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அவ்வாறே பிறந்தது. முத்துலட்சுமி அம்மையாரும் 1886இல் பிறந்தவரே. ஒரே ஆண்டில் பிறந்த இருவருள் ஒருவர் ஒரு கதவைத் திறந்தார். அக்கதவுக்கு வெளியே நின்றவர்களுக்காக மற்றவர் இன்னொரு கதவைத் திறந்தார். திறந்த கதவைப் பாராட்டும்போது, அதன் வெளியே இன்னும் நிற்பவர் யார் என்று பார்ப்பதும் நம் கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

சட்டம் அமைத்த வழி

தனி மனிதர்களின் அருளை மட்டும் நம்பியிராமல், உரிமையைச் சட்டமாக்கியது நம் காலத்தின் சிறப்பாகும். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாதது என்று தீர்ப்பளித்தது. தந்தை பெரியார் முதலியோர் நடத்திய கிளர்ச்சியைத் தொடர்ந்து அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறியது. 15(4) என்னும் உட்பிரிவு பிறந்தது. பின்தங்கிய வகுப்பினர்க்குக் கல்வியில் தனி ஏற்பாடுகள் செய்ய அது வழிவகுத்தது.

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர்க்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர்க்கு 20, பட்டியல் சாதியினர்க்கு 18, பழங்குடியினர்க்கு 1 என மொத்தம் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது. பட்டியல் சாதியினருள்ளும் மிகப் பின்தங்கி நின்ற அருந்ததியர்க்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் திருநங்கையர் முதலானோரை மூன்றாம் பாலினத்தவராக ஏற்று, அவர்தம் உரிமைகளை எடுத்துரைத்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றதோடு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கவும் ஆணையிட்டது. சைகை மொழியும் பிரெயில் எழுத்தும் அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத் திறனாளி ஆசிரியர்கள் உட்படப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்த வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஒரு கூறாகும்.

கதவுக்கு உள்ளே

சட்டம் இருக்கையைத் தரும்; இருக்கையில் அமர்ந்தவருக்கு மற்றவற்றைத் தர வேண்டியது கல்லூரி.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டுப் படிப்பாகியது. பயிற்சி ஆழமாக வேண்டும் என்பது நல்ல நோக்கமே. ஆனால் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது மற்றும் ஓர் ஆண்டின் காத்திருப்பு. கட்டணம் ஒன்றே செலவு அன்று. பதிவேடுகள், வண்ணத்தாள், அட்டை, மாதிரிகள், பள்ளிக்குச் சென்றுவரும் செலவு, கற்பித்தல் பயிற்சிக்கென உடை எனச் சிறுசிறு செலவுகள் சேர்ந்துகொண்டே போகும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்னைப் போன்றோர்க்கு, எந்தச் செலவு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வீட்டில் எவரும் இலர். தொடக்கத்திலேயே செலவுப் பட்டியலை அறிவிப்பதும், துணைக்கருவிகளைக் கல்லூரியே சேமித்து ஆண்டுதோறும் பயன்படுத்தத் தருவதும், கடைச்சரக்கைக் காட்டிலும் கைவேலைக்கு மதிப்பெண் தருவதும் எளிதில் செய்யத்தக்கவை.

அடுத்தது மொழி. பி.எட். வகுப்பில் நுண்ணிலைக் கற்பித்தல் என்றொரு பயிற்சி உண்டு. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய முறை இது. ஒருவர் சில நிமிடங்கள் பாடம் நடத்த, உடன் பயில்வோர் மாணவர்களாக அமர்ந்து குறைநிறை கூறுவர். அப்போது ஒருவரது வட்டார வழக்கைக் கேட்டுச் சிரித்தால், அவர் வாய் அன்றே மூடிக்கொள்ளும். நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் குறையல்ல. தோடர், கோத்தர் முதலிய மலைவாழ் மக்களின் மொழியை வீட்டில் பேசும் ஒருவர் பயிற்சிக்கு வந்தால், அவர் அம்மலைப்பகுதிப் பள்ளிக்குக் கிடைத்த செல்வம். முதல் வகுப்புக் குழந்தை வீட்டு மொழியில் கேட்கும் கேள்வியை அவரன்றி வேறு யார் அறிவார்?

மூன்றாவது கட்டிடமும் பயிற்சிப் பள்ளியும். சக்கர நாற்காலியில் வருபவரின் வகுப்பை மாடியில் வைத்துவிட்டு, இட ஒதுக்கீட்டை நிறைவேற்றிவிட்டோம் என்று கூறுவது பொருந்தாது. அவ்வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றப் பெரும்பணம் வேண்டியதில்லை. கால அட்டவணையைத் திருத்தினால் போதும். பார்வையற்ற மாணவருக்குப் பேருந்து வசதியுள்ள பள்ளியைப் பயிற்சிக்கு ஒதுக்குவதும், திருநங்கை மாணவருக்கு அச்சமின்றிப் பயன்படுத்தக் கழிப்பறை ஒன்று இருப்பதும் இவ்வகையினவே.

கரும்பலகையின் முன்

கல்லூரி தன் மாணவரை நடத்தும் முறையே அவர் நாளை பிள்ளைகளை நடத்தும் முறையாகும். ஆதலால் கற்பிக்கும் முறையிலேயே அரவணைப்பைப் பழக்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே அதனைப் பார்த்தவாறு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உதட்டசைவைக் கண்டு பொருள் கொள்ளும் செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு அவ்வளவு நேரமும் பாடம் இல்லை. எழுதி முடித்தபின் திரும்பிப் பேசினால் அக்குறை நீங்கும். “இதிலிருந்து இது வரும்” என்று பலகையைச் சுட்டினால் பார்வையற்ற பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. “விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கக் கிடைப்பது” என்று எழுதியதை வாய்விட்டுச் சொன்னால் அப்பிள்ளைக்கும் பாடம் புரியும். கடைசி வரிசையில் கண்ணாடி வாங்க வசதியின்றி அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் புரியும். ஒருவருக்காகச் செய்வது பலருக்கும் பயன்படுகிறது.

சாதி வேற்றுமை இதனினும் நுட்பமாக வகுப்பறையில் நுழைகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். தாக்கியோரும் பள்ளி மாணவர்களே என்பது நாட்டை நடுங்க வைத்தது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்டு அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவரை அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருத்தல் கூடாது. ஆசிரியர் எவரையும் நேராகவோ மறைவாகவோ சாதி சுட்டி அழைத்தல் கூடாது. உதவித்தொகை பற்றிய செய்தியைத் தலைமையாசிரியர் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில.

இவை சிறு செயல்களாகத் தோன்றலாம். ஆனால் “உதவித்தொகை வாங்குவோர் எழுந்து நில்லுங்கள்” என்று வகுப்பில் ஒருமுறை சொன்னால், யார் எந்தச் சாதி என்று மற்றப் பிள்ளைகள் அறிந்துகொள்ள ஒரு நொடி போதும். அந்நொடியில் விழும் கோடு பள்ளி முடிந்தும் அழிவதில்லை. இத்தகைய செயல்களைத் தவிர்க்க ஓர் ஆசிரியருக்குச் சொல்லித்தர வேண்டிய இடம் ஆசிரியர் கல்லூரி. சொல்லித்தரும் கல்லூரியே தன் மாணவரை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லுமானால், அப்பாடத்தால் பயன் என்ன?

தரம் குறையுமா?

இவ்வாறெல்லாம் இடம் கொடுத்தால் ஆசிரியர் தரம் குறைந்துவிடாதா என்று சிலர் ஐயுறுகின்றனர். இயற்பியல் பயிலும் மாணவருக்கு இதற்கு விடை கூறுவது கடினம் அன்று. ஒரு பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, அது எவ்வளவு தொலைவு வந்தது என்று சொல்ல இயலாது. புறப்பட்ட புள்ளியும் தெரிய வேண்டும். மதிப்பெண் என்பது ஒருவர் வந்து சேர்ந்த இடத்தைக் காட்டும். அவர் கடந்த வழியைக் காட்டாது. ஆசிரியத் தொழிலுக்கோ கடந்த வழியும் ஒரு தகுதியே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையின் துன்பத்தை, அத்துன்பத்தைத் தாண்டி வந்தவர் எளிதில் அறிவார்.

இதன் பொருள் பாட அறிவு வேண்டா என்பதன்று. இடம் கொடுத்தபின் நன்கு பயிற்றுவிக்க வேண்டும். தேர்வில் எல்லார்க்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். அந்த அளவை எட்ட வேண்டிய துணையை முன்னதாகவே தருவதுதான் கல்லூரியின் கடமை. மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டியவர்கள் என்று ஊர் முடிவு கட்டிய சிறுமியர், துணை கிடைத்தபோது மாகாணத்தின் பள்ளிகளில் ஆசிரியராகி நின்றதை மேலே கண்டோம்.

முடிவுரை

ஆசிரியர் கல்லூரியில் பன்மையும் சமநீதியும் அரவணைப்பும் வேண்டும் என்பது எவர்க்கும் செய்யும் சலுகை அன்று. நம் பள்ளிகளில் எல்லா வகைப் பிள்ளைகளும் இருக்கின்றனர்; ஆதலால் அவர்களுக்குக் கற்பிப்போருள்ளும் எல்லா வகையினரும் இருக்க வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பழகிய பின்னரே பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

சட்டங்களை அரசு இயற்றும். வசதிகளைக் கல்லூரி அமைக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பழகுவது மட்டும் மாணவராகிய நம் கையில் உள்ளது. இன்னும் ஓராண்டில் நம்முள் பலர் பி.எட். வகுப்பில் இருப்போம். அங்கே தயங்கித் தனியே நிற்கும் ஒருவரைக் கண்டால் சற்று நகர்ந்து இடம் கொடுப்போம். அவரும் நாளை 1,200 பிள்ளைகளுக்கு ஆசிரியர்.